லாஸ்ட் சீன் 11.40

அல் ஐன்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜெயமணிக்கு அப்பா கார்மேகம் எழுதுவது. இங்கே நான் சுகம். போனில் எதைக் கேட்டாலும் ‘சரிப்பா’ என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் லீவில் கோயம்புத்தூர் வந்து இறங்கும், என்னோடு வேலை பார்க்கும் அம்மையப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் ஹாஸ்டலில் சேர்த்துவிடுவான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக உன்னைச் சந்தேகப்பட்டேன். சைட்டில் சாப்பிட உட்கார்ந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால், தினமும் உன் லாஸ்ட் சீன் 11.40 என்று காட்டும். வகுப்பு நேரத்தில் யாரோடு பேச்சு என்று பகீரென்றது. காய்ச்சலில் ரூமில் கிடந்த அன்று அதே வேலையாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றிலிருந்து நாற்பது நிமிடம் ஆன்லைனில் இருந்தாய். இரண்டு பேப்பரில் அரியர் விழுந்ததற்கு முகம் தெரியாத எவனோ ஒருவன்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். நீ ஊருக்கு வந்தபோது அம்மாவை உன் பெட்டியைத் துழாவச் சொன்னதும் நான்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நேற்று ரூமில் பாலமுரளியிடம் புலம்பினேன். அவன் சிரித்துவிட்டு, “அண்ணே, ஒங்க போனு இந்த ஊரு நேரத்தத்தான் காட்டும். நம்ம ஊரு நேரத்துக்கு ஒன்றர மணி நேரம் கூட்டிப் பாருங்க. பிள்ள சாப்பாட்டு நேரத்துலதான் போன எடுக்குது” என்றான். பன்னிரண்டு வருடம் கல்ஃபில் இருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தால், நீ யாரோடு சாப்பிடுகிறாய்? எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள் என்று சேர்ந்த புதிதில் ஒருமுறை சொன்னாய். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வகுப்பு போட்டோவில், பக்கத்துப் பெண்ணுக்கும் உனக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்பாய்? ஃபிரண்ட்ஸ் இருக்கிறார்கள் என்கிறாய். பெயர் கேட்டால் போனை வைத்துவிடுகிறாய்.

நான் வந்த புதிதில் மெஸ்ஸில் எல்லாரும் இந்தி பேசுவார்கள். தனியாக இருப்பது தெரியக்கூடாதென்று போனை எடுத்து, படித்த மெசேஜையே படித்துக்கொண்டிருப்பேன். வேலையும் ஓடவில்லை. கேட்க ஆளில்லாமல், ஃபோர்மேன் சொன்னதற்கெல்லாம் ‘அச்சா’ என்று தலையாட்டிவிட்டுக் கம்பியைத் தப்பாகக் கட்டினேன். நீயும் வகுப்பில் தலையாட்டுகிறாயோ என்று பயமாக இருக்கிறது.

தாயி, நான் முதலில் நினைத்ததே சரி என்று எழுதிவிடு. அந்த நாற்பது நிமிடமும் எதிர்முனையில் உனக்கு ஒரு ஆள் இருந்தான் என்று எழுது. சத்தியமாகத் திட்ட மாட்டேன்.

நல்லா இருக்க வேண்டும் நீ.

உன் அப்பா,
கார்மேகம்