பச்சைத் துணி வீசியதால் போய்விட்ட மூன்று வண்டிகள்

அனுப்புநர்:
தையல்காரரின் மனைவி,
ரயில் நிலையத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்:
போக்குவரத்து மேலாளர் அவர்கள்,
நகர ரயில் அலுவலகம்.

பொருள்: எங்கள் நிலையத்தில் வண்டியை மீண்டும் நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திங்கட்கிழமை காலை நடைமேடையில் இருந்தவர்கள் ஏழு பேர்: நான், என் கணவர், அவருடைய அக்கா, மருந்துக்கடைக்காரர், ஆசிரியைகள் இருவர், தங்கள் கொடி ஊழியர். எண்ணி நோட்டில் குறித்திருக்கிறேன்.

2. வெள்ளத்தில் தண்டவாளம் போய் இருபத்தாறு நாள் ரயில் இல்லை. அன்றுதான் முதல் வண்டி என்றதும் எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சீருடை தைத்து மிஞ்சிய பச்சைத் துணியைக் கிழித்து என் கணவர் ஆளுக்கொன்று கொடுத்தார். வளைவில் வண்டி தெரிந்தது. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு நான் வீச ஆரம்பித்தேன். மற்ற ஐவரும் வீசினார்கள்.

3. வண்டி நிற்கவில்லை. ஓட்டுநர் தலையை நீட்டி, "ரொம்ப நன்றிங்க!" என்று கையாட்டிக்கொண்டே போனார். துணி சரியாகத் தெரியவில்லை போலும் என்று, பின்னாலேயே வந்த அடுத்த வண்டிக்கு இன்னும் பலமாக வீசினோம். அதுவும் போயிற்று. மூன்றாவதற்கு அக்கா பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்.

4. சிக்னல் விளக்குகள் சரியாகும்வரை கொடி பார்த்தே வண்டி ஓடும், பச்சை காட்டினால் நிற்காது என்பதைக் கொடி ஊழியர் பிறகுதான் மூச்சிரைக்கச் சொன்னார். சிவப்புக் கொடியோடு எங்களுக்குப் பின்னால் கத்திக் குதித்துக்கொண்டே இருந்தாராம், எங்கள் ஆரவாரத்தில் கேட்கவில்லை. உயரம் குறைந்தவர். அவர்மேல் நடவடிக்கை வேண்டாம். தவறு முழுவதும் எங்களுடையது.

5. மூன்று வண்டியிலும் யாரும் ஏறாததால், பயணிகளே இல்லை என்று தங்கள் அலுவலகம் நிறுத்தத்தை எடுத்துவிட்டது. இருக்கிறோம் ஐயா. ஏறத்தான் துடித்தோம்.

6. கடைசி நிலையத்து மருத்துவமனையில் என் தங்கைக்கு வெள்ளிக்கிழமை பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அம்மா இல்லாத பிள்ளைகள் நாங்கள். கூட இருக்க என்னைவிட்டால் ஆளில்லை. பஸ் போகும் பாலமும் இன்னும் திறக்கவில்லை. நடந்ததைப் போனில் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், "உன்ன வரச் சொன்னா, வண்டிய வழியனுப்பிட்டு நிக்கிறியேக்கா!" என்கிறாள்.

7. ஆகவே வெள்ளிக்கிழமை காலையின் முதல் வண்டியாவது இங்கே நிற்கப் பணிவுடன் வேண்டுகிறேன். அன்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, கொடி ஊழியரை முன்னால் விட்டு நிற்போம். நம்பிக்கைக்காகத் துணிகள் ஐந்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். ஆறாவது என்னுடையது, அதில் குழந்தைக்குச் சட்டை தைத்தாகிவிட்டது, அதை நேரில் கொண்டுபோக வேண்டும்.

வண்டி நிற்குமா என்று வியாழக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள்.

இடம்: எதிர்வீடு
நாள்: செவ்வாய், காலை

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையல்காரரின் மனைவி