புதுப் பெடலும் ஒரு ‘ஹெமின்’னும்

ஜூன் 10, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. பத்து மணி பஸ்ஸில் ருவான்வெல்லை. நிமல் அண்ணன் வீட்டில் பேண்ட் பயிற்சி. பாஸ் ட்ரம்முக்குப் புதுப் பெடல் வந்தாயிற்று! பழையதன் வார் அறுந்து, மூன்று கல்யாணக் கச்சேரிக்குக் கம்பி கட்டி ஒப்பேற்றினேன்.

புதியதில் வாருக்குப் பதில் சங்கிலி. முரட்டு ஸ்பிரிங். கால் பட்டாலே பெடல் நுனி உருண்டை பாய்ந்து போய் ட்ரம்மில் அடிக்கிறது. முதல் அடியில் ஜன்னல் அதிர்ந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து நிமிஷம்தான். பாட்டு தொடங்கியதும் கீபோர்டிலிருந்து அண்ணன், “ஹெமின், நங்கி, ஹெமின்!” சிங்களத்தில் ‘மெதுவாக, தங்கச்சி’. பெடல் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது போல. வேகத்தைக் குறைத்தேன். மறுபடி “ஹெமின்!” இன்னும் குறைத்தேன். பாட்டு பாதியில் படுத்துவிட்டது.

ஜூன் 11, புதன்

வெட்டுக்கத்தி நழுவி மரத்தில் காயம். கங்காணியிடம் ஏச்சு. புத்தி முழுக்கக் காலில்.

மாலை பயிற்சி. மறுபடி ஹெமின். ஸ்பிரிங்கைத் தளர்த்தி, இறுக்கி, செருப்போடு, வெறுங்காலோடு. நான் குறைக்கக் குறைக்க அண்ணன் முகம் கறுத்தது. கடைசியில் சிங்களத்தில் சொன்னார்:

“தாளம் நிக்கவே மாட்டேங்குது நங்கி. சனிக்கிழமை கல்யாணத்துலயும் இப்படின்னா, பொறகு கீபோர்ட்ல இருக்கிற ரிதமே போதும்.”

பஸ்ஸில் அழுகை. எட்டு வருஷமாக இந்தப் பேண்டில். தோட்டத்து லய வீடுகளில் நான் சிவாவின் சம்சாரம், செக்ரோல் சம்பளப் பதிவில் ஒரு நம்பர். ட்ரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் வசந்தி. அந்த இடத்தை ஒரு பொத்தானுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நேற்றே கேட்டு பெடலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மத்தியானம் மரப்பெட்டியில் மாட்டிப் பழகினேன். மகள் காய்ச்சலோடு தூக்கம். உள்ளேயிருந்து இவர்:

“மெதுவா அடி வசந்தி, புள்ள முழிச்சிக்கும்.”

வேகத்தைக் குறைத்தேன்.

“மெதுவான்னு சொன்னேனே!”

“மெதுவாத்தானே அடிக்கிறேன்!”

“வேகத்த யாரு கேட்டா? சத்தத்தக் கொறைங்கிறேன்.”

காலை எடுத்துவிட்டேன். ஹெமினும் இப்படித்தானே! வேகத்துக்கும் அதே சொல், சத்தத்துக்கும் அதே சொல். சத்தத்தைத்தான் குறைக்கச் சொல்லியிருக்கிறார், பாவி மனுஷன். பழைய பெடலில் சத்தமே முனகலாகத்தான் வரும், அதனால் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். சிரிப்பும் ஆத்திரமும்.

அண்ணனிடம் சொன்னால் சாக்கு என்பார். அடித்தே காட்டுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

குதிகாலைப் பெடல் பலகையில் ஊன்றி, முன்பாதம் மட்டும் அசைவு. சத்தம் பாதி, வேகம் அதே. வந்துவிட்டது.

நாளைக்கு: பெடல், குச்சி நாலு, கறுப்புச் சட்டை. மருந்து நேரம் இவரிடம் சொல்ல வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஜூன் 14, சனி

கரவனெல்ல மண்டபம். முதல் இரண்டு பாட்டும் சுத்தம். அண்ணன் திரும்பவே இல்லை.

மூன்றாவது, மணப்பெண் உள்ளே வரும் பாட்டு. திடீரென்று அண்ணன் திரும்பி, “ஹெமின்!” சத்தத்தைக் குறைத்தேன். மறுபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, “ஹெமின், நங்கி!” இன்னும் குறைத்தால் கேட்கவே கேட்காது. எந்த ஹெமின்? அவர் வாயைப் பார்த்துப் பயனில்லை. வாசலைப் பார்த்தேன்.

பெண்ணின் சேலை ஹீல்ஸில் சிக்கியிருக்கிறது. கால் எடுத்து வைக்கவே பயப்படுகிறாள், அழுதுவிடுவாள் போல. அவள் காலைப் பார்த்து அடிக்கத் தொடங்கினேன். அவள் ஓர் எட்டு, நான் ஓர் அடி. கிட்டார் என்னோடு வந்தது. பிறகு கீபோர்டும். மேடை சேர்ந்ததும் நிமிர்ந்து சிரித்தாள்.

வேனில் ஏறும்போது இரண்டு ஹெமின் கதையையும் போட்டு உடைத்தேன். அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“இனி நான் வாயே தெறக்க மாட்டேன் நங்கி. ஒன் காலப் பாத்து நாங்க வாசிக்கிறோம்.”