ஆவி பிடித்தால் கிருமி சாகாது

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பேருந்தில் நேற்று, பக்கத்து இருக்கைப் பெண் நீலகிரித் தைலத்தைக் கைக்குட்டையில் விட்டு முகர்ந்தார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டும்வரை உங்களையே நினைத்துக்கொண்டு வந்தேன், டீச்சர். அன்பாக என்று சொல்ல மாட்டேன்.

கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது, பெற்றோருக்கு நோய்த்தடுப்பு சொல்லித்தரும் வேலை என்னிடம் வந்தது. நான் விலங்கியல் படித்தவள். படங்களோடு கூகுள் மீட் வகுப்பு தயாரித்தேன். காலை பதினோரு மணிக்கு நான்கு பேர் வந்தார்கள்; அதில் ஒருவர் தலைமையாசிரியர். வராத பெற்றோர் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் தையல் ஆசிரியை. மாலையில் எனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வீர்கள். விடிந்ததும் அதையே இரண்டு நிமிடம் பேசி வாட்ஸப்பில் அனுப்புவீர்கள். நம் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத மரக்காணம் குப்பத்தில்கூட ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். விஷயம் என்னுடையது, பேர் உங்களுக்கு.

"நீங்க சொன்னா பரீட்சை மாரி இருக்குது மேடம், பயந்துக்கினு ஓடிடறாங்க" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

ஒரு நாள் என்னைக் கேட்காமலே, ஆவி பிடித்தால் கிருமி செத்துவிடும் என்று பேசி அனுப்பிவிட்டீர்கள். எனக்கு வந்தது கவலை இல்லை, சந்தோஷம். உங்களைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். பெற்றோர் எல்லாரும் பார்க்க, குழுவில் நீளமாக மறுப்பு எழுதிப் போட்டேன். வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் படித்தீர்கள். அரைமணியில் உங்கள் குரல் வந்தது.

"நேத்து நான் சொன்னது தப்புங்க. ஆவி புடிச்சா கிருமி சாவாது. சயின்ஸ் மேடம் சொன்னதுதான் கரெக்ட்டு. கொதிக்கிற தண்ணி கிட்ட புள்ளைங்கள வுடாதீங்க."

கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. அத்தனையும் உங்களுக்கு.

போன ஆடியில் மாரடைப்பு வந்து நீங்கள் போனபோது, குப்பத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கண்ணால் அளந்தேன். எனக்கு இதில் பாதி வருமா?

இப்போதெல்லாம் காய்ச்சல், அம்மை என்றால் என்னிடம் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு தாய், டெங்குவிலிருந்து தேறிய மகளை எப்போது விளையாட விடலாம் என்று போனில் கேட்டார். இத்தனை வருட வேலையில் முதன்முறையாக, "எனக்குத் தெரியலம்மா, கேட்டுட்டு சொல்றேன்" என்றேன்.

"சரிங்க மேடம். அந்த டீச்சரும் இப்டிதான், கேட்டுட்டு சொல்றேன்னுவாங்க" என்றார் அவர்.

அந்த டீச்சர் கேட்டதே என்னைத்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லாமல் டாக்டருக்குப் போன் போட்டேன்.