குளத்தின் நடுவில் பச்சைக் குடம்

அம்மா, என் அம்மா,

இல்லை, உடையவில்லை. பம்ப் உடையவில்லை. குழாய் வெடிக்கவில்லை. நீல டைல்ஸில் ஒன்றுகூடப் பெயரவில்லை. நீ முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய். நான் எப்படி இருக்கிறேன் என்பதை அப்புறம்.

நீ போய் மூன்று மாதம். பங்களாவுக்குப் பின்னால் நம் அறையில்தான் இருக்கிறேன். தை பிறந்ததும் உன் வேலைக்குப் புது ஆள் வருகிறாராம். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் ஐயா. வீடு என்றால் குளம். குடியிருக்க அவருக்குச் சேலத்தில் வேறு வீடு இருக்கிறது. ஏற்காட்டில் இருப்பது ஒரு நீச்சல் குளமும் அதைச் சுற்றிச் சில அறைகளும்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதையும் அடித்துவிட்டேன்.

குளிர். அதைச் சொல்ல வேண்டும். நமக்கு மார்கழி என்றால் மூட்டம், சாரல், காயாத துணி. இந்த வருடம் மூட்டமே இல்லை. வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கிறது. முந்தாநாள் காலையில் புல்லெல்லாம் வெள்ளை. கொட்டச்சேட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வரும் மாரியண்ணன் தன் வண்டி சீட்டில் படிந்திருந்ததை விரலால் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இந்தா சாமி, ஐஸ்கிரீம். காசில்லாம.”

வாயில் வைத்துப் பார்த்தேன். ரெக்ஸின் வாசம்.

நேற்று நாலு மணிக்கு ஷாலினி கூப்பிட்டாள். கனடாவிலிருந்து. மகளிடம் ஐயா சொல்லியிருப்பார். அவளுக்கு அங்கே இன்னும் விடிந்திருக்காது. பம்ப்பை ராத்திரி முழுக்க ஓட விடச் சொன்னாள். ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது. இதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. அவள் ஊரில் வருடத்தில் பாதி நாள் பனி. இருந்தாலும் நான் “தெரியும்” என்றேன். தெரியாது.

நாலரைக்குக் கரண்ட் போனது. பம்ப் நின்றது. இத்தனை வருடம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நின்றபோதுதான் தெரிந்தது.

“ஒண்டிக்கடைப் பக்கம் என்னமோ கோளாறாமா. காலைலதான் வருமுங்கறாங்க” என்று மாரியண்ணன் வந்து சொன்னார். மேலே பார்த்தார். “மேகமும் இல்ல, காத்தும் இல்ல. நாளைக்கு வெடியால பூமி வெள்ளச் சீலை கட்டிக்கும் பாரு கண்ணு.”

“குளத்தை என்னண்ணா பண்றது?”

“தண்ணியப் பூரா தொறந்து உட்டுப்போட்டா வேல முடிஞ்சுது.”

அது முடியாது என்பது எனக்கே தெரியும். காலியான குளத்தை அடியிலிருந்து மண்ணின் ஈரம் தூக்கிவிடும் என்று நீ ஒருமுறை ஐயாவிடமே வாதாடினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எனக்காக யாரிடமாவது அப்படி வாதாடியிருக்கிறாயா?

சரி, கேட்டுவிடுகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான்.

அஞ்சாவது முடிந்ததும் என்னைச் சேலத்து விடுதியில் விட்டாய். படிக்க. நன்றாகத்தான் படித்தேன். ஷாலினிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் படித்தது இங்கே, ஏற்காட்டில். அவள் அப்பா அம்மா சனி ஞாயிறு மட்டும் மலையேறி வருவார்கள். மற்ற நாட்களில் அவளுடைய சாப்பாடு, சடை, காய்ச்சல், வீட்டுப்பாடம் எல்லாம் உன் கையில். ராணிம்மா என்று கூப்பிடுவாள். அம்மா என்று நான் மட்டும் சொல்ல வேண்டிய சொல்லில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். நீ கொடுத்தாய்.

மிச்சத்தைக் குளம் எடுத்துக்கொண்டது. காலையில் கண் விழித்தால் நீ இருக்க மாட்டாய். வெளியே இலை அள்ளும் வலைக்கம்பு தண்ணீரில் உரசும் சத்தம். லீவில் நீ ஊட்டும் சோற்றில் குளோரின் வாசம். எந்த மாதம் எந்த மரத்து இலை அதில் விழும் என்று உனக்குத் தெரியும். என் விடுதி அறையின் எண் தெரியாது. அந்தத் தண்ணீருக்கு நான் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

ஷாலினியை நானே கூப்பிட்டேன். வேறு வழி?

“பயப்படாத ரேவதி. வால்வை மூடிட்டு, பம்ப்புக்கு அடியில ஒரு திருகு இருக்கும், அதைக் கழட்டு. உள்ள நிக்கற தண்ணியை விட்டுடு. ஃபில்டருக்கும் அதேதான். வெளிய தெரியற குழாய்க்கெல்லாம் சாக்கு சுத்து. அப்புறம் குடம்.”

“என்ன குடம்?”

“பிளாஸ்டிக் குடம்தான். உள்ள நாலு கல்லு போட்டு, வாயை இறுக்கிக் கட்டி மிதக்க விடு. தண்ணி உறைஞ்சு விரிஞ்சா சுவத்தை நெருக்காம குடத்தை நெருக்கும். இது நான் கண்டுபிடிச்சதில்ல. நான் ஏழாவது படிக்கறப்ப இப்படி ஒரு பனி வந்துச்சு. டைல்ஸ் போட்ட மேஸ்திரி சொன்னாருன்னு ராணிம்மா பண்ணினாங்க.”

ஏழாவது. நான் விடுதியில் இருந்தேன்.

“நடுவுக்குப் போன குடத்தை எடுக்க மட்டும் சிரமம். வலைக்கம்பு எட்டாது. அன்னிக்கு ராணிம்மாதான் மத்தியானம் வெயில் வந்ததும் நீந்திப் போய் எடுத்துட்டு வந்தாங்க.”

“யாரு?”

“ராணிம்மா. உங்கம்மா.”

“அம்மாவுக்கு நீச்சல் தெரியாது.”

அவள் குரல் இறங்கியது. “உனக்குத் தெரியாதா?”

அம்மா, என்னை யாரும் அடித்ததில்லை. நீயும் அடித்ததில்லை. அது இப்படித்தான் இருக்கும் போல.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவள்தான் கற்றுக்கொடுத்தாளாம். ஏழாவது படிக்கும் பெண், உனக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐயாவின் கார் கீழே இறங்கியதும். “பச்சைக் குடம் ஒண்ணு இருக்கும், கழுத்துல நீலக் கயிறு கட்டி. அது இன்னும் இருக்கா? அதைக் கட்டிப் புடிச்சுட்டுதான் காலடிச்சுப் பழகினாங்க. தண்ணில இறங்கினாலே சிரிப்பாங்க ரேவதி. நிறுத்தவே மாட்டாங்க. வாயில தண்ணி போயிடும், இருமுவாங்க, மறுபடி சிரிப்பாங்க.”

பச்சைக் குடம் என் காலடியில் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், எப்போதும் இருக்கிற இடத்தில். அதில் தண்ணீர் பிடிக்க நீ என்னை விட்டதில்லை. கயிறு எதற்கு என்று ஒரு லீவில் கேட்டேன். “சும்மா கெடக்குது கண்ணு” என்றாய்.

“ரேவதி, இன்னொண்ணு சொல்லணும். அவங்க ஒரு தடவை...”

“போன்ல சார்ஜ் இல்லை” என்று வைத்துவிட்டேன். நாற்பது சதவீதம் இருந்தது.

வெளியே மாரியண்ணன் காப்பிக்கொட்டைச் சாக்குகளைக் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தார். “எங்கூட்டு மாட்டுக்குக் கூட இந்தக் குடுப்பினை இல்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவரிடம் கேட்டேன்.

“அம்மாவுக்கு நீஞ்சத் தெரியுமாண்ணா?”

சணலை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். “ஞாயித்துக்கெழம தொபுக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். அப்பறம் நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன் சாமி. பொம்பள குளிக்கற எடம்.” என் முகத்தைப் பார்த்தார். “ஏங்கண்ணு, உங்கிட்டச் சொல்லலியா?”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தோட்டக்காரருக்குத் தெரியும். கனடாவுக்குத் தெரியும்.

பம்ப் அறையில் குந்தி உட்கார்ந்தேன். வால்வை மூடினேன். திருகு கைக்குச் சில்லென்று இருந்தது. அதைத் திறக்காமல் விட்டால் போதும் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. கரண்ட் போனது, குளிர் வந்தது, உடைந்தது. தை பிறந்தால் நான் போய்விடுவேன். இருபது வருடம் நீ என்னைவிட அதிகம் தொட்ட ஒன்று விடிவதற்குள் விரிசல் விட்டிருக்கும். உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அது வேண்டியிருந்தது. பசி மாதிரி.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. நீ சிரிப்பதை நினைத்துப் பார்க்க முயன்றேன். புன்னகை வருகிறது. முந்தானையால் வாயை மூடிக்கொள்வது வருகிறது. இருமும் அளவுக்கு ஒரு சிரிப்பு என்னிடம் இல்லை. விடுதியில் இல்லை, இந்த அறையில் இல்லை, கடைசியில் நீ படுத்திருந்த கட்டிலில் நிச்சயமாக இல்லை. நீ அப்படிச் சிரித்த இடம் என்று எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான்.

திருகைத் திறந்தேன். தண்ணீர் என் பாதத்தில் கொட்டியது.

குழாயில் ஒரு முழம் சாக்கு பற்றாமல் போனது. “உங்கம்மா கம்பளி இருக்குமே கண்ணு” என்றார் மாரியண்ணன். கொடுக்கவில்லை. என் போர்வையைக் கொடுத்தேன். உன் கம்பளி எனக்கு. குளத்துக்கும் இல்லை, ஷாலினிக்கும் இல்லை.

நம் வீட்டில் நாலு குடம். மாரியண்ணன் எங்கிருந்தோ இரண்டு கொண்டுவந்தார். கல் போட்டோம், வாயைக் கட்டினோம், இருட்டுவதற்குள் ஒவ்வொன்றாகத் தள்ளி விட்டோம். பச்சைக் குடத்தைக் கடைசியாக. விடலாமா என்று யோசித்தேன். அது தண்ணீரைத் தொட்டதும் தானாகவே நடுவுக்குப் போனது. வழி தெரிந்த மாதிரி.

காலையில் குளத்தின் மேல் அப்பளக் கனத்தில் பனிக்கட்டி. அம்மா, அது அழகாக இருந்தது. ஒப்புக்கொள்ள விருப்பமில்லை, ஆனாலும் இருந்தது. ஆறு குடங்களும் அசையாமல், மாட்டிக்கொண்டு. சிவப்புக் குடத்தின் வயிறு லேசாக ஒடுங்கியிருந்தது. சுவருக்கு ஒன்றும் இல்லை.

மாரியண்ணன் கம்பால் ஓரத்தைத் தட்டினார். கண்ணாடி உடைகிற சத்தம். “உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் எனக்கு நாலு ஏச்சு உளுந்திருக்கும், டைல்ஸு, டைல்ஸுன்னு” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சின்னச் சிரிப்புதான்.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. திருகைப் பூட்டி, தண்ணீர் ஊற்றி, வால்வைத் திறந்து, பம்ப்பைப் போட்டேன். ஒருமுறை இருமிவிட்டு ஓடியது.

ஐந்து குடங்களை வலைக்கம்பால் இழுத்தாயிற்று. பச்சைக்குக் கம்பு எட்டவில்லை. “நான் எறங்கட்டுமா சாமி?” என்று மாரியண்ணன் சட்டைப் பொத்தானில் கை வைத்தார். வேண்டாம் என்றேன். அதை எடுக்க வேண்டியவர்களில் ஒருத்தி இல்லை. இன்னொருத்தி கனடாவில் இருக்கிறாள்.

இதைக் குளத்தின் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் வந்துவிட்டது. குடம் மெதுவாகச் சுற்றுகிறது. கயிறு தெரிகிறது, மறைகிறது.

ஏன் சொல்லவில்லை, அம்மா? நான் ஐயாவிடம் உளறிவிடுவேன் என்றா? உன்னை அங்கே விடுதியில் தேடிக்கொண்டிருப்பவளிடம், இங்கே நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது என்றா? அல்லது உனக்கென்று ஒன்று வேண்டியிருந்ததா, என் கை படாததாக? கடைசிக் கேள்வியைத்தான் என்னால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அதுதான் அதிகம் வலிக்கவும் செய்கிறது.

மே மாதம் ஷாலினி வருகிறாளாம். நானும் வருவேன், எங்கே இருந்தாலும். புது ஆளிடம் கேட்டுக்கொண்டு இந்தத் தண்ணீரில் இறங்குவேன். உன் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நீ யாரிடம் கற்றாயோ அவளிடமே கற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அவள்மேல் இருக்கும் பொறாமை அதற்குள் போய்விடும் என்று வாக்குத் தர மாட்டேன். தண்ணீரில் சிரிக்கக் கூடாது என்றும் நினைத்திருக்கிறேன். பார்க்கலாம்.

உன் ஒரே மகள்,
ரேவதி

கையெழுத்துப் போட்ட பிறகு தாளை மடித்துப் படியில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்தேன். ஷாலினிக்குப் போன் செய்தேன். “நேத்து என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு” என்றேன்.