தத்துவத்துக்கு ஓர் இடம் காலி

12-3-1956, திங்கள்

ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன தத்துவம், சாக்பீஸ் தீர்ந்துபோச்சா?" என்றார். அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் அதுதான். எம்.ஏ.வில் தத்துவம் படித்தவன் மிஷன் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

சாயங்காலம் உத்திரமேரூர் பஜாரில் டீக்கடைப் பேப்பரைப் புரட்டினேன். இரண்டு விளம்பரங்கள்! பட்டணத்து மிஷன் கல்லூரி ஒன்றில் தத்துவத்துக்கு டியூட்டர் வேண்டுமாம். இன்னொன்று சர்க்கார் தருகிற ஆராய்ச்சி உதவிச் சம்பளம். தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு, மூன்று வருஷம். எங்கள் பாடத்தில் யாராவது ரிட்டையர் ஆக வேண்டும், இல்லை சாக வேண்டும், அப்போதுதான் ஒரு நாற்காலி காலியாகும். ஒரே நாளில் இரண்டு என்றால் நம்ப முடியவில்லை. கடைக்காரரைக் கேட்டு அந்தத் தாளைக் கிழித்து வாங்கி வந்தேன்.

18-3-1956, ஞாயிறு

கல்லூரிக்கு, நான் நல்ல சபைப் பிள்ளை என்று போதகர் எழுதித் தர வேண்டும். சர்க்காருக்கு, நான் இந்து என்று தாசில்தார் எழுதித் தர வேண்டும். இரண்டு பேரும் நான்தான். சர்ச்சில் சாமுவேல். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் முனிரத்தினம், இந்து ஆதிதிராவிடன். பள்ளியில் சேர்த்த வாத்தியார் அப்படி எழுதினார், நைனா கைநாட்டு வைத்தார். நைனாவே ஒருகாலத்தில் வேதகிரிதான், ஞானஸ்நானம் வாங்கி ஞானதாஸ் ஆனவர்.

சர்ச்சுக்குப் போகிறவன் தாழ்த்தப்பட்டவன் இல்லை என்கிறது சட்டம். ஊர்க் கிணற்றில் வாளி இறக்கப் போனால் மட்டும் யாரும் என்னை மதம் கேட்பதில்லை. என்னடா நியாயம் இது?

இரண்டுக்கும் போட்டுவிட்டேன்.

22-4-1956, ஞாயிறு

நைனாதான் எங்கள் சர்ச்சுக்கு மணி அடிக்கிறவர். பூவரச மரத்தில் தொங்குகிற மணி. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவர்தான். அடிக்கும் முன் கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொட மாட்டார். அவர் வேலை செய்கிற நிலத்துக்காரரான கிராம முன்சீப் தாண்டவராயன், "ஞாயித்துக்கெயமையில வரப்பு கட்டுனா உங்க சாமி கண்ண குத்திடுமாடா?" என்று கேலி செய்வார். நைனா தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார், ஆனால் போக மாட்டார். அந்த நாள் கூலி போனால் போகட்டும் என்பார்.

இன்று அவரிடம், "காலேஜ்ல இருந்து நம்ம வூட்டப் பத்தி விசாரிக்க ஆள் வரலாம் நைனா, நல்லபடியா பேசு" என்று சொல்லி வைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

தாலுகா ஆபீசிலிருந்தும் ஆள் வரலாம் என்பதைச் சொல்லவில்லை. இவரிடம் போய், நான் இந்து என்று மனுப் போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

14-6-1956, வியாழன்

பிறகு என்று ஒன்று வரவே இல்லை.

பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால் நைனா வாசலிலேயே நிற்கிறார். "சாமுவேலு, உன் காலேஜுக்காரரு வந்துட்டுப் போனாரு! சைக்கிள்ல வந்தாரு, பேண்ட்டு தொப்பி எல்லாம் போட்டுக்கினு. நீங்க இன்னா மதம்னு கேட்டாரு. வாயால சொன்னா போதுமா? வேதத்த எடுத்தாந்து கையில குடுத்தேன். நம்ம தெருப் புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சிப் பாட்டு பாட வெச்சேன். அல்லாத்தையும் எய்திக்கினு போனாரு. தங்கமான மனுசன்."

"என் பேர இன்னான்னு சொல்லிக் கேட்டாரு?"

"முனிரத்தினமான்னு கேட்டாரு. அது பள்ளிக்கூடத்துப் பேருங்க, ஞானஸ்நானப் பேரு சாமுவேலுன்னு வெவரமா சொன்னேன்."

வந்தவன் தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர்.

நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. "கெடுத்தியே நைனா! குடி கெடுத்தியே! நீயும் உன் மணியும் நாசமாப் போங்க!" என்றேன். என்றேனா? என்றேன். என் மனைவி ஜெயம்மாள் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "பெத்தவன்கிட்ட பேசற பேச்சா இது? நாக்கு அழுவிப்பூடும்" என்றாள்.

நைனா, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?" என்று மட்டும் கேட்டார்.

21-6-1956

மனு தள்ளுபடி. 'மனுதாரர் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என விசாரணையில் தெரிகிறது.'

2-7-1956, திங்கள்

கல்லூரியிலிருந்தும் பதில் வந்தது. வேறு ஒருவரை நியமித்துவிட்டார்களாம், என் வருங்காலம் சிறக்க வாழ்த்துகளாம். அந்தக் கல்லூரியிலிருந்து இந்தத் தெருவுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை.

தலைமையாசிரியர் விஷயம் தெரிந்து, "விடு தத்துவம், இங்க உனக்கு என்ன குறை?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

20-7-1956, வெள்ளி

முன்சீப்பைப் போய்ப் பார்த்தேன். மனுஷன் நல்லவர்தான், தன் இஷ்டத்துக்கு நல்லவர். "திரும்ப மனுப் போடு. இன்ஸ்பெக்டரை நான் வரவெக்கிறேன். ஆனா கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது இருக்கணும் பாரு. அப்பன் எந்த மதமோ அதான் புள்ள மதம்னுதான் அவங்க எய்துவாங்க. இந்த ஆடியில உங்கப்பன் எல்லம்மனுக்குக் கூழ் கொண்டாரட்டும். நானே சாட்சி சொல்றேன்" என்றார்.

எங்கள் தெருவில் ஆடி ஞாயிறு ஒன்றில் வீட்டுக்கு ஒரு பானை கூழ் அம்மன் கோயிலுக்குப் போகும். சர்ச் வீடுகளிலிருந்து மட்டும் போகாது. எந்த வீடு எந்தப் பக்கம் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஜெயம்மாளிடம் இதைச் சொன்னேன். "மாமாவ போய்க் கேப்பியா நீ? உனுக்கு மனசு வருமா?" என்றாள். கேட்கமாட்டேன் என்றேன். சத்தியமாகக் கேட்கமாட்டேன்.

நைனா சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்தார். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேனோ? வழக்கமாகவே என் குரல் பெரிது. வழக்கமாகவேதானா?

3-8-1956, வெள்ளி

நைனா கடையிலிருந்து கேழ்வரகு வாங்கிவந்து ஜெயம்மாளிடம் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

5-8-1956, ஞாயிறு

இன்றைக்கு மணி அடிக்கவில்லை.

அதை எழுதினாலே போதும், ஆனாலும் மீதியையும் எழுதுகிறேன். பம்பைச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். நைனா இடுப்பில் மஞ்சள் துணி, நெற்றி நிறைய விபூதி, தலையில் வேப்பிலை கட்டிய கூழ்ப்பானை. தெருக்கோடிக் கோயிலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். கூழ் வழிந்து கழுத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. கோயிலருகே முன்சீப் குடையோடு நிற்கிறார், பக்கத்தில் அந்தத் தொப்பிக்காரர். உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் வந்த போதகர், தொங்குகிற மணிக்கயிற்றின் பக்கத்தில் நிற்கிறார். எல்லாரும் பார்த்தார்கள். சர்ச் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

நைனாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போய்க் கேட்டேன். மணி அடிக்கும் முன் முணுமுணுப்பாரே, அதே ஜெபம்.

ஒரு எட்டு முன்னால் போய்ப் பானையை இறக்கியிருக்கலாம். இரண்டு கையும் சும்மாதானே இருந்தது. பாவி, இறக்கவில்லை.

19-8-1956, ஞாயிறு

போதகர் வீட்டுக்கே வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "ஞானதாஸ், இனிமேல் மணிக்கயிறு உன் கையில வேண்டாம். நற்கருணைக்கும் வர வேண்டாம். என்றைக்குச் சபை முன்னால நின்னு மன்னிப்புக் கேக்கிறியோ, அன்றைக்கு வா" என்றார்.

நைனா கை கட்டி நின்றபடி சொன்னார்: "மூணு வருசம் ஆவுங்கய்யா."

போதகருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உதவிச் சம்பளம் மூன்று வருஷம், வருஷா வருஷம் தாசில்தாரிடம் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். யாரோ முன்சீப் வீட்டில் அவருக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை.

10-10-1956

ஆர்டர் வந்துவிட்டது! பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். பஜாரில் அரைப்படி பூந்தி வாங்கினேன். தலைமையாசிரியர் கட்டிப் பிடித்துக்கொண்டார். நைனாவும் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நல்லா கீது" என்றார்.

3-2-1957, சென்னை

ஆராய்ச்சிக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது. 'வாய்மை என்னும் கடமை.' நானாகத் தேர்ந்தெடுத்ததில்லை, பேராசிரியர் கொடுத்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

25-12-1957, புதன்

கிறிஸ்துமஸ். வீட்டில் விளக்கில்லை, பலகாரமில்லை. தெருவில் மற்ற வீடுகளில் காகித நட்சத்திரம். நானும் ஜெயம்மாளும் கூடச் சர்ச்சுக்குப் போவதில்லை. அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஜெபம் செய்கிறாள், புகை கண்ணில் படுகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

இப்போது மணி அடிப்பவர் எதிர்வீட்டு மார்த்தாள் புருஷன். நைனா வாசலில் உட்கார்ந்து கேட்டார். "அவசரப்படறான். ஒண்ணு வுட்டு அடங்கறதுக்குள்ள இன்னொண்ணு போடறான்" என்றார். இந்த ஒன்றரை வருஷத்தில் சர்ச் பக்கம் போகவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வயலுக்கும் போகவில்லையாம். வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாராம். ஜெயம்மாள் சொன்னாள்.

11-8-1958

மூன்றாம் வருஷச் சான்றிதழும் வந்துவிட்டது. ஆடிக் கூழ் இந்த வருஷமும் போயிற்று.

6-4-1959, சென்னை

தெற்கே ஓர் அரசாங்கக் கல்லூரியில் தத்துவத்துக்கு விரிவுரையாளர் இடம் காலி. தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கியது. இப்படி ஒன்று இனி எப்போது வரும்? பேராசிரியர், "யோசிக்காதே, போடு" என்றார். போட்டுவிட்டேன்.

நைனாவுக்கு எழுதவில்லை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காமலும் போகலாமே.

16-10-1959, வெள்ளி

ஊருக்கு வந்தேன். சட்டைப் பையில் நியமன உத்தரவு. நான் விரிவுரையாளன். பஸ்ஸில் வரும்போது அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவர் என்ன சாவுச் சேதியா என்று கேட்டார்.

வீட்டில் கொடியில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நீலம் போட்டுக் காய்கிறது. நைனா முகச்சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். "மூணு வருசம் ஆயிப்போச்சுடா சாமுவேலு. போதகரு கையில சொல்லிட்டேன். இந்த ஞாயித்துக்கெயம சபை முன்னால நின்னுடறேன். கயிறும் குடுக்கறேன்னு சொல்லிட்டாரு" என்றார். அவர் இவ்வளவு பேசி வெகுநாளாயிற்று. இப்படிச் சிரித்தும்தான்.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஜெயம்மாள்தான் என் சட்டையைத் துவைக்க எடுத்து, உத்தரவைக் கண்டு, "வேல கெடச்சிடுச்சா!" என்று கூவினாள். நைனா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அப்புறம் கேட்டார்.

"சர்க்கார் வேலையா?"

"ஆமா நைனா."

"அந்தக் கோட்டாவுலயா?"

"ஆமா."

"எத்தினி வருசம்?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேலையில இருக்கிற வரைக்கும், நைனா. எவனாவது மொட்டைப் பெட்டிஷன் போட்டா எப்ப வேணும்னாலும் விசாரிப்பாங்க" என்றேன்.

"ஓகோ" என்றார். பிறகு கொடியில் இருந்த வேட்டியையும் சட்டையையும் எடுத்தார். இன்னும் ஈரம் போகவில்லை. அப்படியே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

வேண்டாம், நான் வேலைக்குப் போகவில்லை, நீ போய் மணி அடி என்று நான் சொல்லவில்லை.

18-10-1959, ஞாயிறு

காலையில் சர்ச் மணி அடித்தது. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று, அவர் சொன்ன மாதிரியேதான்.

நைனா வாசலில் இல்லை. பழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க நைனா?" என்றேன்.

"முன்சீப்பு கயனியில வரப்பு ஒடஞ்சி கெடக்குது. கட்டிட்டு வரேன்" என்றார்.

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம நைனா."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.