மூணாவது தாளில் மறைந்த தீபம்

வேங்கிக்கால்,
6-12-2025

வாத்தியாரே,

யாருய்யா தப்பா எண்ணினது? நாலாங்கிளாஸ் வரைக்கும் உன் பக்கத்துலதான் உட்கார்ந்தேன். அப்புறம் நீ மேல படிச்ச, நான் வேன் ஓட்டப் போயிட்டேன். அதுக்காக மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதவன்னு கார்டுல எழுதி, தபால்காரர் படிச்சுட்டு சிரிக்கிற அளவுக்கு மானத்தை வாங்குவியா?

நீ சொன்னபடிதான் செஞ்சேன். கார் கண்ணாடிக்கு ஒட்டற கூலிங் பேப்பரை வெட்டி அனுப்பியிருந்தியே, அதை எடுத்துக்கினு மொட்டை மாடிக்குப் போனேன். எதிர்ல மலைமேல கார்த்திகை தீபம். கண்ணு முன்னாடி ஒரு தாள் வச்சேன், தெரிஞ்சுது. ரெண்டு வச்சேன், மினுக்குனு தெரிஞ்சுது. மூணு வச்சேன், போச்சு. மூணுனா மூணுதான்.

உனக்கு கீழ்பென்னாத்தூர்ல அஞ்சு தாள் ஆச்சாம், அதனால எனக்கு இங்க ஒன்பது ஆவணுமாம். மூணுனா நான் மலையில இருந்து முப்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கேனாம். ஆக, நீ என்னை வீட்டோட பேத்துக்கினு போய் செஞ்சியில வச்சுட்ட. சரி, வந்ததுதான் வந்தேன், கோட்டையைச் சுத்திப் பார்த்துட்டு வரேன்.

தொண்டையில ஆபரேஷன் பண்ணி குரல் போனதுல இருந்து, வாயால திட்ட முடியாததையெல்லாம் நீ எழுதித் தீர்க்கற.

உன் நட்சத்திரப் புத்தகத்துல ஆறாவது அத்தியாயம் வந்துச்சு. 'வேடியப்பனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்'னு முதல்ல எனக்குத்தான் அனுப்பற, பெருமைதான். நட்சத்திரம் பொறக்குது, வளருது, கிழடாவுது, சாவுதுன்னு எழுதியிருக்க. கல்யாணத்தை மட்டும் விட்டுட்டியே. பனி ஜாஸ்தி, கழுத்துல துண்டைச் சுத்திக்கோ.

இப்படிக்கு,
செஞ்சிக்குக் கடத்தப்பட்ட
வேடியப்பன்


கீழ்பென்னாத்தூர்,
8-12-2025

அன்புள்ள வேடியப்பா,

நட்சத்திரங்களுக்குக் கல்யாணமும் உண்டு. ஒன்றையொன்று சுற்றிவரும் ஜோடிகள் வானத்தில் ஏராளம். சில ஜோடிகளில் ஒன்று மற்றதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுவிடும். உனக்காக அதையும் சேர்த்துவிட்டேன்.

கணக்குக்கு வருகிறேன். ஒரு தாள் பாதி வெளிச்சத்தை விழுங்கும். இங்கிருந்து மலையுச்சி பதினெட்டு கிலோமீட்டர். உன் மாடியிலிருந்து நாலரை. தூரம் நாலில் ஒரு பங்கானால் வெளிச்சம் பதினாறு மடங்கு. பதினாறைப் பாதி பாதியாகக் குறைத்துவந்தால் நாலு தடவையில் ஒன்றாகிவிடும். அதனால்தான் எனக்கு ஐந்து தாள் என்றால் உனக்கு ஒன்பது. நட்சத்திரத்தின் தொலைவை அறியவும் இது ஒரு வழி. விளக்கு உண்மையில் எவ்வளவு எரிகிறது, நம் கண்ணுக்கு எவ்வளவு வந்து சேருகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும்.

இந்த வழியை நம்பி வானியல்காரர்களும் ஒரு காலத்தில் ஏமாந்தார்கள். மங்கலாகத் தெரிந்ததையெல்லாம் மிகத் தொலைவில் இருப்பதாக நினைத்தார்கள். நடுவில் தூசி இருக்கிறது, அது வெளிச்சத்தைத் தின்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஏழாவது அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

நீ சரியாகவே எண்ணினாய் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உனக்கும் தீபத்துக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. இன்னும் ஐந்து நாள்தான் தீபம் எரியும். அதற்குள் உன் மருமகள் சரசுவிடம் அதே தாள்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
யசோதரன்


வேங்கிக்கால்,
11-12-2025

வாத்தியாரே,

சரசு பார்த்துட்டா. அவளுக்கும் மூணுதான். ஜெராக்ஸ் கடையில நாள் முழுக்க பொடி எழுத்தைப் பார்க்கற பொண்ணு, அவ கண்ணு பொய் சொல்லுமா?

நீ சொன்ன தூசி வானத்துல இல்லய்யா, இங்க கலெக்டர் ஆபீஸ் ரோட்டுல இருக்குது. நாலு டிப்பர் லாரி போனா எதுத்த வீடே தெரியாது, மலை எங்கருந்து தெரியும்? புத்தகத்துல 'வேங்கிக்கால் தூசி'ன்னு எழுது. கண்டுபிடிச்சவன் பேரு மறக்காம போடு.

ஏழாவது அத்தியாயத்தை ஒரே மூச்சுல படிச்சேன். எல்லாம் புரிஞ்சுது. ஆனா ஒண்ணு. நீங்க ஜைனருங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடறீங்க. அப்புறம் நீ வெறும் வயித்தோட வானத்தைப் பார்த்தா, பார்க்கறதெல்லாம் ஒண்ணை ஒண்ணு தின்னற மாதிரிதான் தெரியும்.

இப்படிக்கு,
தூசி கண்டுபிடித்த
வேடியப்பன்


கீழ்பென்னாத்தூர்,
15-12-2025

அன்புள்ள வேடியப்பா,

உன் கவருக்குள் சரசு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள். "அய்யா, எனக்கு ஒன்பது தாள் வந்துச்சு. மாமா சோத்துல ஈ கெடந்தாகூட தெரியாம சாப்பிடறாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று எழுதியிருக்கிறாள். சொல்லிவிட்டேன். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே.

அவள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். உன் கடிதத்தில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. தவிர, ஏழாவது அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தேன் என்கிறாய். அதை நான் இன்னும் அனுப்பவே இல்லை.

எனக்குக் குரல் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "போனா போவுது, எழுதுய்யா, படிக்க நான் இருக்கேன்" என்றாய். நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் இந்தப் புத்தகத்தைத் தொடங்கினேன். உனக்குக் கண்ணும் போய்விட்டால் நாம் எந்த வழியாகப் பேசுவோம்? கண் ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ.

அன்புடன்,
யசோதரன்


வேங்கிக்கால்,
27-12-2025

வாத்தியாரே,

போனேன். சொட்டு மருந்து குடுத்தாங்க. இப்ப மலைமேல ஆடு மேயறதுகூட தெரியுது. அனுப்பாததையே படிச்சவன், அனுப்பினா விடுவேனா? ஏழாவதை அனுப்பு. நம்பிக்கை இல்லைனா பொங்கலுக்கு நேர்ல வந்து பாரு.

இந்தத் தடவை கவரை நானே எச்சில் தொட்டு ஒட்டிட்டேன். சீட்டு கீட்டு ஒண்ணும் இருக்காது.

வேடியப்பன்


வேங்கிக்கால்,
9-2-2026

வாத்தியாரே,

எழுதறது சரசு, சொல்றது நான். நான் திட்டற இடத்தையெல்லாம் அவ விட்டுடுவா, நீயே சேர்த்துப் படிச்சுக்கோ.

ஆடு தெரியல. மலையே தெரியல. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சாம். போனது வராது, மிச்சத்தைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்துன்னாங்க. மிச்சம்னா, ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியும். தீபாவளியில இருந்தே உன் கடுதாசியை மாடி வெயில்ல வச்சு ஒவ்வொரு எழுத்தா தேடித்தான் படிச்சேன். ஒரு பக்கத்துக்கு அரை நாள். சொன்னா நீ எனக்கு அனுப்பறதை விட்டுட்டு வேற ஆளைப் பார்த்துக்குவன்னு சொல்லல. இந்த வயசுல என்னைப் பார்த்து 'புரிஞ்சுதா'ன்னு கேக்கறது நீ ஒருத்தன்தான்யா.

பொங்கல் கழிச்சு நீ வந்த. சரசு கடைக்குப் போயிருந்தா. நீ சிலேட்டுல எழுதி எழுதிக் காட்டின. எனக்கு பலப்பம் கிறீச்சுங்கறதுதான் கேட்டுச்சு. கிறீச்சு நின்னா எழுதி முடிச்சுட்டன்னு அர்த்தம். நின்னப்பெல்லாம் சிரிச்சுக்கினே தலையாட்டினேன். கண்ணு நல்லா தெரியுதுன்னு உனக்குக் காட்டணுமே.

அப்புறம் ஸ்கூல் பசங்களை சூரிய கிரகணம் காட்ட வேன்ல ஏத்திக்கினு போனோமே, நீ மட்டும் வேன்ல தூங்கிட்டு எல்லாம் முடிஞ்சப்புறம் முழிச்சியே, அந்தக் கதையை எடுத்துவிட்டேன். ரொம்ப நேரம் சொன்னேன். நீ சிரிக்கலையேன்னு தோணவே இல்ல. குரல் இல்லாதவன் எப்படி சிரிப்பான்? நீ இருந்தாலும் ஒரே சத்தம்தான், இல்லாட்டியும் ஒரே சத்தம்தான். சரசு வந்து, "யார்கூட மாமா பேசறீங்க? நாற்காலி காலியா இருக்குது"ன்னா.

பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும்னு கிளம்பியிருப்ப, சிலேட்டுல சொல்லிட்டுத்தான் போயிருப்பன்னு நெனச்சுக்கினேன். மூணு வாரம் ஆச்சு. அத்தியாயம் வரல, கார்டும் வரல.

நேத்து சரசு கட்டிலுக்கு அடியில பெருக்கறப்ப உன் சிலேட்டு கெடைச்சுது. கடைசியா எழுதினது அழியாம இருந்துச்சு. படிச்சுக் காட்டினா. "இந்தப் புத்தகம் உனக்குப் பாரமா இருக்கு. இத்தோட அனுப்பறதை நிறுத்திடட்டுமா?"

அதுக்கும் நான் சிரிச்சுக்கினே தலையாட்டி இருக்கேன்.

யசோதரா, நான் உனக்கு தலையாட்டல. பலப்பம் நின்னதுக்கு ஆட்டினேன்.

ஏழாவதை அனுப்பு. ஞாயித்துக்கிழமையில சரசு படிச்சுக் காட்டறேன்னு சொல்றா. நடுவுல ஒரு ஆளு வந்துட்டா உன் பேச்சு முன்னைப்போல வராது, கொஞ்சம் மங்கித்தான் வரும். மங்கலா இருக்கறதெல்லாம் தூரத்துல இருக்குன்னு நெனைக்கக் கூடாதுன்னு நீதானே எழுதின. சிலேட்டை பத்திரமா வச்சிருக்கேன். அழிக்க வேணாம்னு சொல்லிட்டேன், நீ வந்து அழி.

இன்னொண்ணு. அந்தக் கிரகணக் கதையை நீ முழுசா கேக்காம போயிட்ட. நீ தூங்கிக்கினு இருந்தப்ப பசங்க உன் மூக்குக் கண்ணாடியை மெதுவா கழட்டி

அய்யா, மாமா இன்னும் சொல்லிக்கினே இருக்காரு. மூணு மணிக்கு பெட்டியில இருந்து தபால் எடுத்துடுவாங்க, அதனால நான் எழுந்து கிளம்பறேன்.
சரசு