வில்லுப்பாட்டு அரங்கில் நான் எடுத்த வருகைப்பதிவு

என் பாசத்துக்குரிய வயிரவண்ணே,

நலமா என்று கேட்டுத்தான் கை எழுதப் போகிறது. பழக்கம். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. கல்லூரிச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தாவரவியல் துறைக்குப் புதுத் தலைவர் வந்துவிட்டார். உங்கள் மேசையை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டிருக்கிறார். நீங்கள் நட்ட நாகலிங்கம் இன்னும் பூக்கக் காணோம். நீங்கள் நடத்திவந்த நுண்கலை மன்றத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கணக்குப் பாடம் நடத்துகிறவளுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பார்த்தேன். "வயிரவன் சார்கூட பதினோரு வருஷம் கூடமாட நின்னது நீங்கதானே மேடம்" என்றார் முதல்வர். நின்றேன், உண்மைதான். வரவேற்புரை வாசித்தேன், பொன்னாடையை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தேன். எதை எதற்காகச் செய்கிறீர்கள் என்று ஒருநாளும் உங்களிடம் கேட்டதில்லை. நீங்களாகவாவது சொல்லியிருக்கலாம். அதில் எனக்கு உங்கள்மேல் கோபம் உண்டு, மறைப்பானேன்.

நீங்கள் தொடங்கியபடியே தை பிறந்ததும் மூன்று புதன்கிழமைகள், வெளியூரிலிருந்து மூன்று கலைக்குழுக்கள். ஆனால் இந்தத் தடவை முதல்வர் ஒரு நிபந்தனை போட்டார். அரங்கம் நிறையவில்லை என்றால் அடுத்த வருஷம் அந்தப் புதன்கிழமைகள் வேலைவாய்ப்புப் பயிற்சிக்குப் போய்விடும்.

"சாருக்காகத்தான் இத்தனை நாள் விட்டு வச்சோம். பேசாம அட்டெண்டன்ஸ் எடுங்க மேடம், தானா நெறையும்" என்றார்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் நிகழ்ச்சிகளில் வருகைப்பதிவு கிடையாது, இரண்டு பக்கக் கதவும் திறந்தே கிடக்கும், போகிறவன் போகலாம். "கதவச் சாத்துனா அது கிளாசும்மா" என்பீர்கள். அதற்குமேல் விளக்கம் சொன்னதில்லை. புரிந்துகொண்டு ஒன்றும் நான் மறுக்கவில்லை. செத்தவர் வழக்கத்தை மாற்ற மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இன்னொன்றை மாற்றினேன். கலைஞர்களுக்கு நிகழ்ச்சிக்கு முன்னால் இரண்டு இட்லியும் சுக்குமல்லிக் காப்பியும் கொடுத்து, முடிந்த பிறகுதான் சாப்பாடு போடுவீர்கள். அதை உங்கள் கஞ்சத்தனம் என்றே நினைத்திருந்தேன். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு மத்தியானம் இரண்டு இட்லியா, காரைக்குடி மானம் என்னாவது என்று மதினியிடம் புலம்பியிருக்கிறேன். பொறுப்பு கைக்கு வந்ததும் முதல் வேலையாக, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வில்லுப்பாட்டுக் குழுவைச் செக்காலையில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழுவின் தலைவி செல்லக்கனி அம்மா. அறுபதை நெருங்கிய வயசு, கணீரென்ற பேச்சு.

நெய்ச்சோறு, கறிக்குழம்பு, தாளிச்சா, கடைசியில் இனிப்புக்கு வட்டலப்பம். என் வீட்டுக்காரரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சார்ஜாவை விட்டு வந்தபிறகு விருந்தாளி கிடைத்தால் விடமாட்டார். "போதும் அண்ணாச்சி" என்று அந்த அம்மா தட்டுக்குமேல் கையை விரித்தார். "சும்மா வெக்கப்படாதீக, உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கங்க" என்று அந்த விரல் இடுக்கு வழியாகவே ஒரு கரண்டி வைத்தார் இவர். நம் ஊரில் முதல் இரண்டு 'போதும்'களை யார் கணக்கில் எடுத்தார்கள்? மூன்றாவது 'போதும்' வந்தபோது அதற்குமேல் வட்டலப்பம் வந்து உட்கார்ந்தது. நானும் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று மணிக்கு அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அம்மா வீசுகோலால் ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள், மணியெல்லாம் சேர்ந்து குலுங்கியதில் பின்வரிசைக்காரன்கூட நிமிர்ந்தான். காப்புப் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டில் குரலை மேலே ஏற்றினார், மூச்சு பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினார், இருமல் வந்தது. கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"மன்னிச்சிருங்க மக்கா. டீச்சர் வீட்டுச் சோறு தொண்ட வரைக்கும் நிக்கி. ஒரு அரமணி நேரம் தாங்க, வந்து பாடுதேன்."

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு, வில்லுக்காரிக்கு மட்டும் இருக்காதா? அந்த அம்மா பின்னறையில் போய்ப் படுத்துவிட்டார். குடமும் உடுக்கையும் வாசிப்பவர்கள் ஏதோ தட்டிச் சமாளித்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், அப்புறம் வரிசை வரிசையாக. திறந்த கதவுதானே. முன்வரிசையில் இருந்த முதல்வர் உடம்பை முழுக்கத் திருப்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் மைக்கை எடுத்தேன், அண்ணே. அல்லாஹ் அறிய. வாயில் வந்தது வேறு. "நிகழ்ச்சி முடிஞ்சதும் அட்டெண்டன்ஸ் எடுக்கப்படும். இல்லாதவங்களுக்கு இன்டர்னல் மார்க்குல கை வைப்பேன்."

கேன்டீனில் டீயைக் கையில் வாங்கியவன்கூட அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தான். இடம் போதாமல் சுவரோரம் நின்றார்கள். இது எதுவும் தெரியாமல் செல்லக்கனி அம்மா எழுந்து வந்து ஒன்றரை மணி நேரம் பாடினார். அப்படி ஒரு குரலை நம் அரங்கம் கேட்டதில்லை. அவருடைய வரிக்கு வரி பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போட, பிள்ளைகளும் கைதட்டிச் சேர்ந்து "ஆமா" போட்டார்கள். பிடித்துப் போட்டார்களா, மார்க்குக்குப் பயந்து போட்டார்களா? நான் வாசலில் நின்று பேர் எழுதிக்கொண்டிருந்தேன்.

"பாத்தீகளா மேடம்? இதத்தான் நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அடுத்த வருஷமும் நடத்துங்க, அட்டெண்டன்ஸோட" என்றார் முதல்வர். காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வேனில் ஏறும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல புள்ளைக. ஒருத்தரும் எந்திரிக்கலியே. எங்க ஊர்க் கோயில் கொடையில பாதிப் பாட்டுல எந்திரிச்சுக் கடல வாங்கப் போவான். போனவன் திரும்பி வந்து உக்காந்தான்னா, அன்னைக்குப் பாட்டு நல்லாருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போவும். இங்க அது ஒண்ணும் தெரியல. நல்லாத்தான பாடுனேன் டீச்சர்?"

ரொம்ப நல்லாப் பாடினீங்க என்றேன். வேன் போய்விட்டது.

நிகழ்ச்சி நடக்கும்போதெல்லாம் நீங்கள் பக்கக் கதவை ஒட்டியே நிற்பீர்களே. காற்றுக்கு நிற்கிறீர்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். போனவர்களில் யார் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? மேடைக்குப் பின்னால் போய்க் கலைஞர்களிடம் என்னவோ சொல்லிச் சிரிப்பீர்களே, அதுதானா? உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. தேர்வு வேலை இருந்தது, போய்விட்டேன். இப்போதும் அழுகை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் முதல்வரிடம் போய், "அது கூட்டமில்ல சார், என் மிரட்டல்" என்றேன். "எப்படியோ நெறஞ்சுச்சுல்ல?" என்றார். மிச்சம் இரண்டு புதன்கிழமைகளுக்கும் அட்டெண்டன்ஸ் கிடையாது, கதவு திறந்திருக்கும் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காலியாப் போச்சுன்னா அடுத்த வருஷம் இல்ல. அப்பறம் வந்து என்ட்ட நிக்கப்படாது."

"நிக்கமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே செல்லக்கனி அம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்பம் அந்தக் கைதட்டு எனக்கு இல்லியா டீச்சர்?"

உங்களுக்கும்தான் என்றேன். 'உம்'மைச் சேர்த்துச் சொன்னதை அவரும் கவனித்திருப்பார். சரி என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

வருகிற புதன்கிழமை தோற்பாவைக்கூத்து. நாற்பது பேர் வருவார்களோ நாலு பேர் வருவார்களோ, எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் நீங்கள் இழுத்துக்கொண்டு வந்தது என் கையில் முடிந்தாலும் முடியும். முடிந்தால் இதேபோல் எழுதிச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒன்று மட்டும் உறுதி, அண்ணே. அந்தக் கலைஞர்கள் ஊருக்குத் திரும்பும்போது, நல்லா இருந்துச்சா என்று இன்னொருத்தரிடம் கேட்கும்படி அவர்களை நான் அனுப்பமாட்டேன்.

கூடப் பிறக்காமலே உங்களுக்குத் தங்கச்சியாகிப்போன,
ஜுலைகா